அவையும் அவ்வையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



'அவை' என்பது தமிழில் ஈரெழுத்துச் சொல். அதன் நடுவே ஒரு வகர ஒற்றை இட்டால் அது 'அவ்வை' ஆகிவிடும். இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு அரை மாத்திரை. அஃதாவது, கண்ணிமைக்கும் பொழுதில் பாதி. ஒரு கூடத்தின் மேடையில் நிற்பவர் 'அவ்வை' என்று சொல்ல, கடைசி வரிசையில் இருப்பவரின் செவியில் 'அவை' என்று விழுமானால், அக்கூடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தமிழ்க் கவிதைக்கு உரிய கூடம் ஆகாது. அவ்வையே நேரில் வந்து, வாயிலில் நின்று, உள்ளே புக இயலாமல் திரும்புவாரானால், அக்கூடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவை ஆகாது.

ஓர் ஊர் தனக்கெனக் கட்டும் பொதுமன்றத்தை இவ்விரு கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். அதன் வாயில் யாருக்குத் திறக்கிறது? அதனுள் சொல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது? மற்றவை எல்லாம் இவற்றிற்குப் பின்னரே.

புதுக்கோட்டைக்கு இக்கேள்விகள் இப்பொழுது உரியவை. 1974 ஜனவரி 14-இல் மாவட்டத் தலைநகரான இவ்வூர், 2024-இல் மாநகராட்சி ஆயிற்று. மாநகர் என்று பெயர் பெற்ற ஊர்கள் எல்லாம் இன்று விளையாட்டு, கண்காட்சி, மாநாடு, கலைநிகழ்ச்சி ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் நடத்தும் பல்நோக்கு அரங்குகளை விரும்புகின்றன. அத்தகைய அரங்கு ஒன்று இங்கும் எழும் நாள் வரலாம். எழுந்தபின் குறைகூறுவது எளிது. எழுமுன் எண்ணிப் பார்ப்பதே இலக்கிய அமைப்புகளுக்கு அழகு.

சொல் காட்டும் வழி

ஆங்கிலத்தில் வழங்கும் 'அரீனா' என்னும் சொல் மணலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமர்கள் வீரரையும் விலங்கையும் மோதவிட்ட களத்தில், சிந்தும் குருதியை உறிஞ்சுவதற்காக மணல் பரப்பினர். அம்மணலே பின்னர்க் களத்திற்குப் பெயராயிற்று. தமிழில் 'அரங்கம்' என்னும் சொல்லும் மணலோடு தொடர்புடையதாக இருப்பது எண்ணத்தக்கது. ஆற்றின் நடுவே எழும் மணல் திட்டுக்கு, அஃதாவது ஆற்றிடைக்குறைக்கு, அரங்கம் என்று பெயர். காவிரிக் கரையினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அச்சொல்லே நாடக மேடையையும் போர்க்களத்தையும் சூதாடுவோர் கிழிக்கும் கட்டத்தையும் குறித்தது. கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர் கட்டம் என்னும் பொருளிலேயே 'அரங்கு' என்கிறார். நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசுவது, கட்டம் கிழிக்காமல் வட்டாடுவது போன்றது என்பது அவர் கருத்து.

அரங்கு என்பது ஆடுவோரை நோக்கி எழுந்த சொல் என்றால், கூடுவோரை நோக்கி எழுந்த சொற்கள் மன்றம், பொதியில், அம்பலம் என்பன. பொதியில் என்பது பொது இல். எவர்க்கும் உரிய வீடு. அம்பலம் என்பதோ எல்லார் கண்ணுக்கும் தெரிய இருப்பது. மறைந்திருந்த ஒன்று வெளிப்பட்டால் 'அம்பலமாயிற்று' என்று இன்றும் பேச்சுவழக்கில் சொல்கின்றனர். ஆடுவோர்க்கு வேண்டியது அளவு. கூடுவோர்க்கு வேண்டியது திறப்பு. பல்நோக்கு அரங்கு என்பது இவ்விரண்டும் ஓரிடத்தில் அமைவதேயாகும்.

இளங்கோவும் சாத்தனாரும் காட்டும் மன்றங்கள்

இவ்விரண்டையும் இளங்கோவடிகள் தனித்தனியே காட்டுகிறார். அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய மேடைக்கு நுணுக்கமான அளவுகள் உள்ளன. கணுக்களுக்கிடையே ஒரு சாண் வளர்ந்த பொதியமலை மூங்கிலை வெட்டி, இருபத்துநான்கு விரல் கொண்ட கோலாக்கி, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக மேடை அமைக்கப்படுகிறது. ஆடுவோர் புகவும் போகவும் இரண்டு வாயில்கள் உள்ளன. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் தொங்குகின்றன. தூண்களின் நிழல் மேடையின்மேல் விழாதபடி விளக்குகள் நிறுத்தப்படுகின்றன. பார்ப்பவரின் கண்ணுக்கு எது தடையாகும் என்று எண்ணி எண்ணிச் செய்த அமைப்பு இது.

இப்பகுதிக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் நிலம் தெரிவு செய்யும் முறையையும் விரித்துரைக்கிறார். கோயில், பள்ளி, கிணறு, குளம், சோலை ஆகியவற்றிற்கு ஊறு நேராத இடமாக இருத்தல் வேண்டும். ஊரின் நடுவே, தேரோடும் வீதிகளுக்கு எதிர்முகமாக அமைதல் வேண்டும். இவ்விரண்டாம் விதி இன்று பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது. நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் புறவழிச் சாலையோரத்தில் மண்டபம் எழுப்புவோர் பலர். கார் உடையவர்க்கு அது அருகில். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்க்கு அது தொலைவு. ஊரின் நடுவே என்ற உரையாசிரியரின் சொல்லில் ஊர்மக்கள் அனைவரின் கால்களும் கணக்கில் கொள்ளப்பட்டுள்ளன.

கூடுவோரின் மன்றங்களை இந்திரவிழவூரெடுத்த காதையில் காணலாம். புகாரில் ஐந்து மன்றங்கள் இருந்தன. திருடனின் தலையில் திருடிய பொதியையே ஏற்றிச் சுற்றவிடும் வெள்ளிடை மன்றம். உடற்குறை உடையோர் முழுகி நலம்பெறும் இலஞ்சி மன்றம். நஞ்சுண்டோரும் பித்தேறியோரும் சுற்றிவந்து துயர் நீங்கும் நெடுங்கல் மன்றம். பொய்ச்சான்று சொல்வோரையும் போலித் துறவியரையும் பூதம் தண்டிக்கும் சதுக்கம். அரசனின் கோல் வளைந்தாலும் அறங்கூறும் அவை ஒருபக்கம் சாய்ந்தாலும், வாய் திறவாமல் கண்ணீர் உகுக்கும் பாவை நிற்கும் மன்றம். இவற்றைப் புனைவு என்று ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. நோயுற்றோர், வஞ்சிக்கப்பட்டோர், நீதி கிடையாதோர் ஆகியோருக்கு ஊர்ப் பொதுவெளியில் இடம் வேண்டும் என்ற எண்ணம் அப்புனைவின் அடியில் இருக்கிறது.

சாத்தனார் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். மணிமேகலை அமுதசுரபியோடு ஏறிய உலக அறவி ஓர் ஊரம்பலம். பசித்தோரும் நோயாளரும் தங்கும் இடம். பின்னர் அவள் வேண்டுகோளுக்கு இணங்கி அரசன் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றித் தருகிறான். ஒரு கட்டடத்தின் நோக்கத்தை ஒரு பெண்ணின் சொல் மாற்றிய செய்தி இது. 'பல்நோக்கு' என்னும் இக்காலச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பழைய சான்று தமிழில் அரிது.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது இம்மாவட்டம் பட்ட பாட்டை அவையோர் அறிவர். ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன, மின்சாரம் பல நாள் இல்லை. அன்று பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் உலக அறவிகள் ஆயின. கொரோனாத் தொற்றுக் காலத்தில் சென்னை நந்தம்பாக்கத்து வர்த்தக மையத்தில் நோயாளர் படுக்கைகள் போடப்பட்டன. ஆகவே ஒரு பொதுமன்றம் திட்டமிடப்படும்போது, பெருஞ்சமையல் செய்ய ஓர் அடுக்களையும் நூற்றுக்கணக்கானோர் இரவு தங்கத் தண்ணீரும் கழிப்பிடமும் அத்திட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும். அது மணிமேகலை காட்டிய வழி.

இம்மண்ணின் கேள்வி மரபு

புதுக்கோட்டை மண் செவிச்செல்வத்தில் வறியதன்று. குடுமியான்மலைப் பாறையில் கி.பி. ஏழாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் இசைக் கல்வெட்டு உள்ளது. ஏழு பிரிவுகளாகச் சுரக்கோவைகளைப் பொறித்து வைத்த அக்கல்வெட்டு, மாணவர் நலத்திற்காகவே அது செய்யப்பட்டது என்று தானே கூறுகிறது. பாடுவோன் மறைந்தாலும் பாடம் மறையக்கூடாது என்று எண்ணிய ஒருவர், ஊர் காணும் பாறையை ஏடாக்கினார். அரண்மனைக்குள் ஓலையில் எழுதிப் பூட்டி வைக்கவில்லை என்பது அறியத்தக்கது.

கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் தேடித் தந்த மான்பூண்டியா பிள்ளை இவ்வூரினர். அவர்வழி வந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் புகழ் பெற்றார். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) மான்பூண்டியா பிள்ளையிடம் சந்தமும் தாளமும் பயின்று, அவரால் மகனாகவே ஏற்கப்பட்டார். சுவாமிகளின் நாடகப் பள்ளியில் சிறுவனாகச் சேர்ந்து, பின்னர்த் திரையில் பாட்டாலும் நடிப்பாலும் ஒளிர்ந்த பி.யு. சின்னப்பா (1916-1951) இவ்வூரிலேயே பிறந்தவர். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றும் இம்மாவட்டத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. ஆர்மோனியத்தின் முதல் ஒலி எழும் இடமே அவற்றிற்கு அரங்கு. ஆனால் அந்நாடகங்களில் நடிக்கும் பெண்கள் பல ஊர்களில் இன்னும் தட்டி மறைப்புக்குப் பின்னால்தான் ஒப்பனை செய்துகொள்கின்றனர், உடை மாற்றுகின்றனர். மேடைக்கு முன்னே கைதட்டுகிற ஊர், மேடைக்குப் பின்னே எட்டிப் பார்ப்பதில்லை.

பேச்சுக் கலையிலும் இம்மண் பின்தங்கவில்லை. திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி (1887-1943) சட்டமன்றங்களை அதிரவைத்த நாவலர். சுகுண விலாச சபையின் நாடகங்களில் நடித்தவருமாவார். மேடை நடிப்பும் மேடைப் பேச்சும் ஒரே மூச்சின் இரு வடிவங்கள் என்பதற்கு அவரே சான்று. புதுக்கோட்டைத் தனியரசில் 1902-இல் மக்கள் பிரதிநிதிகளின் சபையும் 1924-இல் சட்டசபையும் ஏற்பட்டன. 1948 மார்ச்சில் தனியரசு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. மன்னர் காலத்து நகர்மன்றம் அதன்பின் மக்கள் மன்றமாகவே நிலைத்தது. கம்பன் விழாவும் பட்டிமன்றமும் கண்காட்சியும் அங்கு நடந்துவந்துள்ளன. திலகர் திடலோ அரசியல் கூட்டங்களுக்கென்றே பெயர் பெற்றுவிட்டது. புத்தகத் திருவிழா நகர்மன்றத்தில் தொடங்கிப் பின்னர் மன்னர் கல்லூரி மைதானத்திற்குப் பெயர்ந்தது. கூட்டம் பெருகியது மகிழ்ச்சிக்குரியது. கூட்டத்திற்கேற்ற கூரை பெருகவில்லை என்பதும் அதிலேயே தெரிகிறது.

வாயில் யாருக்குத் திறக்கிறது?

இங்கே முதற்கேள்விக்குத் திரும்பலாம். சங்க கால ஒளவையார் அதியமானின் அவையில் உரிமையோடு இருந்தவர். தொண்டைமானிடம் தூது சென்றவர். ஆயினும் அவரும் ஒருமுறை வாயிலில் காத்திருக்க நேர்ந்தது. அந்தச் சினத்தை அவர் வாயில் காவலனை நோக்கிப் பாடிய புறநானூற்றுப் பாடல் புலப்படுத்துகிறது. கல்வியுடையோர்க்கு எத்திசைச் சென்றாலும் உணவுண்டு என்று சொல்லி அவர் யாழை எடுத்துக்கொண்டார். அவருக்குப் போக வேறு திசைகள் இருந்தன. ஓர் ஊரிலேயே பிறந்து, ஓர் ஊரிலேயே பணிசெய்து, அவ்வூர் அவைக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு பெண்ணுக்கு வேறு திசை இல்லை.

வாயில் காவலன் இக்காலத்தில் பல வடிவங்களில் நிற்கிறான். சாதி என்பது அவற்றுள் மூத்த வடிவம். தமிழகத்துக் கோயில் மண்டபங்களில் கூத்தும் பாட்டும் நிகழ்ந்த காலத்தில் அவை எல்லார்க்கும் உரியனவாக இல்லை. ஆலய நுழைவை எல்லார்க்கும் உரிமையாக்கிய சட்டம் 1947-இல்தான் வந்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, கையிலிருந்த காசே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டினார். திரைப்படம் தமிழகத்தில் பெற்ற செல்வாக்கிற்கு அவர் காட்டிய காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் காசு தீர்மானித்த சமத்துவம் பாதிச் சமத்துவமே. மீதியைத் தர வேண்டிய கடமை ஊர்ப் பணத்தில் எழும் மன்றத்திற்கு உண்டு.

2022 டிசம்பரில் இம்மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதனை ஆராய வந்த அதிகாரிகள் அப்பகுதியில் இரட்டைக் குவளை முறையும், கோயிலுக்குள் விடாத வழக்கமும் இருந்ததைக் கண்டனர். பொது என்னும் சொல்லைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டால் ஓர் இடம் பொதுவாகிவிடாது என்பதை இதைவிடக் கசப்பாக வேறொன்று சொல்ல முடியாது. ஒருவர் பெயராலோ ஒரு குலத்தின் பெயராலோ வழங்காத, எவர் தண்ணீர் குடித்தாலும் எவரும் முகஞ்சுளிக்காத ஒரு கூடத்தை ஊர் நடுவே நடத்திக் காட்டுவது சிறிய செயலன்று.

வாடகை என்பது இரண்டாவது வாயில் காவலன். சிற்றூர்களிலும் நகரங்களிலும் இன்று இலக்கியக் கூட்டங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் திருமண மண்டபங்களே. முகூர்த்த நாள் என்றால் அவையும் கிடையா. கிடைத்தாலும், மணமக்களுக்குரிய அரியணை போன்ற நாற்காலிகளை ஓரமாக நகர்த்திவிட்டு, உதிர்ந்த பூக்களுக்கு நடுவே நூல் வெளியீடு நடக்க வேண்டும். முப்பது பேர் கூடும் கவியரங்கிற்கு ஐந்நூறு பேர் உண்ணும் மண்டபத்தின் வாடகையைக் கொடுக்க எந்த இலக்கிய வட்டத்தாலும் இயலாது. அதனால்தான் மொட்டை மாடிகளும் பள்ளி வகுப்பறைகளும் நூலகத்தின் ஓர் அறையும் தமிழ்நாட்டில் கவிதை வளர்த்த இடங்கள் ஆயின. அவ்விடங்களைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் பத்தாண்டு நிலைத்த ஓர் அமைப்பு, பதினோராம் ஆண்டிலும் 'அடுத்த மாதம் எங்கே?' என்று கேட்க நேர்வது ஊருக்குப் பெருமையன்று.

இரவு என்பது மூன்றாவது காவலன். அவன் பெண்களுக்கென்றே நிற்பவன். இவ்வூரில் பிறந்த முத்துலட்சுமி (1886-1968) மன்னர் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே அவரே முதல் பெண் மாணவர். ஒரு பெண்ணை உள்ளே விடுவதா என்று எதிர்ப்பு எழுந்தபோது மன்னர் அவர் பக்கம் நின்றார். அந்த வாயில் திறந்ததால் தமிழகம் ஒரு மருத்துவரைப் பெற்றது. 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக அமர்ந்த ஒரு பெண்ணைப் பெற்றது. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், இம்மாவட்டத்துச் சிற்றூர்ப் பெண்கள் ஆயிரமாயிரமாய் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். கல் உடைக்கும் பெண்களும் பூ விற்கும் பெண்களும் ஊர்த்திடல்களில் விழுந்து எழுந்து பழகினர். அவர்களுக்கு அன்று அத்திடல்களே அரங்கமாயின. அவர்களின் பேத்தியர் இன்று கவிதை எழுதுகின்றனர். இரவு எட்டு மணிக்கு முடியும் கூட்டத்திலிருந்து அவர்கள் அச்சமின்றி வீடு திரும்ப, ஒரு விளக்கு எரியும் தெருவும், தூய்மையான கழிப்பறையும், நேரத்திற்கு ஒரு பேருந்தும் வேண்டும். அரங்கின் கட்டட வரைபடத்தில் இவை அழகு சேர்ப்பன அல்ல. ஆனால் இவை இன்றேல் அவையில் பாதிப்பேர் இரார்.

சொல் எவ்வாறு கேட்கிறது?

இரண்டாம் கேள்வி செவியைப் பற்றியது. இதற்கு ஓர் அயல்நாட்டுச் செய்தி துணைபுரியும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் திறக்கப்பட்ட ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் ஒருவர் பேசினால் எவருக்கும் விளங்கவில்லை. காரணம் காணுமாறு வாலஸ் சபின் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியர் பணிக்கப்பட்டார். அந்த அரங்கில் ஒருமுறை எழுந்த ஒலி அடங்க ஐந்தரை நொடிக்கு மேல் ஆயிற்று என்று அவர் கண்டார். அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்துவந்து பரப்பி, எவ்வளவு மெத்தைக்கு எவ்வளவு ஒலி குறைகிறது என்று அளந்தார். அறையின் கொள்ளளவும், அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் திறனுமே எதிர்முழக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்னும் விதி அவ்வாறு பிறந்தது. 1900-இல் திறந்த பாஸ்டன் இசையரங்கு அவ்விதியைக் கொண்டு கட்டப்பட்டது.

தமிழ்ப் புலவர்க்கு இதில் புதுமை இராது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, ஒற்று அரை, குற்றியலுகரம் அரை என்று ஒலியைக் காலத்தால் அளந்த இலக்கணம் அவர்களுடையது. ஐந்தரை நொடி என்பது ஒரு வெண்பா அடியை நிதானமாகச் சொல்லி முடிக்கப் போதுமான பொழுது. அத்தகைய கூடத்தில் அடியின் ஈற்றுச்சீர் ஒலிக்கும்போதும் முதற்சீர் மறையாமல் சுற்றிக்கொண்டிருக்கும். உயிரெழுத்துகள் வலியவை, நீண்டு முழங்குவன. மெய்கள் மெலியவை, அம்முழக்கத்தில் அமிழ்ந்துவிடுவன. எதுகையின் அழகு இரண்டாம் எழுத்தில் இருக்கிறது. அவ்வெழுத்து ஒற்றாக இருந்தால் முதலில் மடிவது அதுவே. கவிஞர் குரலை உயர்த்துவதாலோ ஒலிபெருக்கியின் விசையைக் கூட்டுவதாலோ பயனில்லை. குழப்பமும் அதே அளவில் கூடும்.

பல்நோக்கு அரங்குகளின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான் உள்ளது. பூப்பந்தும் கைப்பந்தும் ஆட உயர்ந்த கூரை வேண்டும். வழவழப்பான தரை வேண்டும். நடுவே தூண் கூடாது. அதனால் தகரக் கூரையும் வெற்றுச் சுவரும் கொண்ட பெருங்கூடம் எழுகிறது. பேச்சுக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு. ஒலி ஏறத்தாழ ஒரு நொடியில் அடங்க வேண்டும். இசைக்கு அதைவிடச் சற்று நீண்ட முழக்கம் இனிமை தரும். ஒரே கூடம் மூன்றிற்கும் உதவ வேண்டுமானால் இழுத்து மூடும் கனத்த திரைகளும், ஒலியை உறிஞ்சும் பலகைகளும், கூரைக்கு உட்பூச்சும் தொடக்கத்திலேயே திட்டத்தில் இருக்க வேண்டும். மாதவியின் மேடைக்கு மூன்று எழினிகள் இருந்தன என்பதை இங்கே நினைவுகூரலாம். பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்ட திரைகள் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை.

பிற ஊர்கள் தரும் பாடம்

மதுரையில் தமுக்கம் திடல் பல தலைமுறையாகச் சித்திரைப் பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் இடம் தந்தது. 1981-இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தபோதும் அப்பகுதி திரண்ட மக்களைக் கண்டது. அத்திடலில் மாநகராட்சி கட்டிய மாநாட்டு மையம் 2022-இல் திறக்கப்பட்டது. வெயிலும் மழையும் தடுக்காத கூடம் கிடைத்தது நன்மை. ஆனால் திடலுக்குக் கதவில்லை, கூடத்திற்குக் கதவு உண்டு. கதவு வந்தால் திறவுகோலும், திறவுகோல் வந்தால் கட்டணமும் வரும். திடலைக் கூடமாக்கும் எந்த ஊரும் இந்த மாற்றத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் செய்தி வேறு வகையினது. 1981-இல் எரியூட்டப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகத்தின் அருகே, இந்திய அரசின் கொடையால் பண்பாட்டு மையம் ஒன்று கட்டப்பட்டது. அறுநூறு பேர் அமரும் அரங்கும் அருங்காட்சியகமும் பதினொரு மாடிக் கோபுரமும் அதில் உள்ளன. 2023 பிப்ரவரியில் அது மக்களுக்கு அளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, ஊரின் பெயர் விடுபட்டது குறித்து யாழ்ப்பாணத்தார் வருந்தினர். பின்னர் யாழ்ப்பாணம் என்ற பெயரும் சேர்க்கப்பட்டது. வள்ளுவரை விரும்பாதவர் எவரும் அங்கில்லை. ஆயினும் பலமுறை இழந்து மீண்ட ஒரு மக்கள், தங்கள் மன்றத்தின் நெற்றியில் தங்கள் ஊர்ப்பெயரைக் காண விரும்பினர். கொடுப்பவர் யாராயினும் மன்றம் கூடுபவருக்கு உரியது என்பதே அந்த விருப்பத்தின் பொருள்.

புதுக்கோட்டை கேட்க வேண்டியவை

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது, இவ்வூர் கேட்க வேண்டியவை சிலவே என்பது புலனாகும். பழைய நகர்மன்றம் பழுதுபார்க்கப்பட்டு, ஊர் நடுவில் மக்கள் பயன்பாட்டிலேயே இருத்தல் வேண்டும். புதிய அரங்கு எழுமானால் அது பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடந்து சேரும் தொலைவில் அமைதல் வேண்டும். ஐயாயிரம் பேருக்குத் திடல், ஆயிரம் பேருக்குப் பேரரங்கு என்று கணக்கிடுவோர், நூறு பேருக்கு ஒரு சிற்றரங்கையும் அதே வளாகத்தில் சேர்த்தல் வேண்டும். ஒரு நகரம் எவ்வளவு பெரியது என்பதைப் பேரரங்கு காட்டும். அந்நகரம் எவ்வளவு கேட்கிறது என்பதைச் சிற்றரங்கே காட்டும்.

சிற்றரங்கின் வாடகை ஓர் இலக்கிய வட்டத்தின் மாதச் சந்தாவுக்குள் அடங்குதல் வேண்டும். எந்த நாள் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை வாயிலில் எழுதி மாட்டுதல் வேண்டும். முன்பதிவு செய்த கவியரங்கை ஒரு திருமணத்திற்காகவோ அரசியல் கூட்டத்திற்காகவோ நீக்குவதில்லை என்ற விதி வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் பார்வையாளர் வரிசைக்கு மட்டுமல்லாமல் மேடைக்கும் ஏறும்படியான சாய்தளம் வேண்டும். நாடகம் நடிக்க வரும் பெண்களுக்குத் தாழிடக்கூடிய ஒப்பனை அறை வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. கட்டுவதற்கு முன்னர் ஒருவர் நினைவூட்டினால் போதும்.

நினைவூட்டும் அந்த ஒருவர் யார் என்பதே எஞ்சும் கேள்வி. பொறியாளர் தூணை அறிவார்; கணக்கர் வாடகையை அறிவார். அரை மாத்திரையை அறிந்தவர்கள் கவிஞர்கள். ஓர் ஒற்று காணாமற்போனால் ஒரு பொருளே மாறிவிடும் என்பதை அன்றாடம் உணர்பவர்கள் அவர்களே. ஆகவே வரைபடம் விரிக்கப்படும் நாளில் அவர்கள் மாநகராட்சி அலுவலகத்தின் படியேறிச் செல்லுதல் வேண்டும். பத்தாண்டுக் காலம் கவிதை கேட்ட செவிகளுக்கு அந்தத் தகுதி உண்டு.

அன்று கட்டப்படும் அரங்கில், ஒரு மாலைப் பொழுதில், சிற்றூர் ஒன்றிலிருந்து பேருந்தில் வந்திறங்கிய ஒரு பெண் எவர் தயவும் இன்றி உள்ளே நுழைந்து, மேடையேறி, தன் கவிதையின் முதற்சொல்லை உரைக்க வேண்டும். கடைசி வரிசையில் இருக்கும் முதியவருக்கு அச்சொல்லின் ஒற்றும் விழ வேண்டும். அவ்வாறு விழுந்தால், அவையும் அவ்வையும் ஒருங்கே வாய்த்த ஊர் என்று புதுக்கோட்டையைச் சொல்லலாம்.